மதகில்லாத குளம்

வாயில் வைத்தால் பல் கூசும், மூக்கருகே கொண்டுபோனால் அழுகிய இலை மணக்கும், அதுதான் அந்தத் தண்ணீர். பதுளைப் பக்கம், தேயிலைத் தோட்டங்களுக்கும் மேலே, காட்டுக்குள் நாலைந்து குட்டைகள், பக்கத்தில் ஓர் அருவி. இந்த அதிசயத்தைக் காட்டத்தான் எண்பதுகளின் தொடக்கத்தில் மச்சான் எங்களைக் கல்முனையிலிருந்து வேன் பிடித்துக் கூட்டிப்போனார்.

மலைநாட்டுக்காரரான மச்சான் எங்கள் ஊருக்குப் படிப்பிக்க வந்து ராத்தாவை, என் அக்காவை, கலியாணம் முடித்தவர். எங்கள் வழக்கப்படி பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்தாயிற்று, மாப்பிள்ளை அதில் வந்து இருக்க வேண்டியதுதான். இவரோ இடமாற்றம் எடுத்து ராத்தாவையும் மலைக்குக் கொண்டுபோக நின்றார். பெண் புருஷன் ஊருக்குப் போவதாவது! உம்மா சோற்றையே வெறுத்திருந்தார்.

"எங்கட குளம், எங்கட குளம்" என்று மச்சான் அளந்த அளப்பில் நாங்கள் சமுத்திரத்தை எதிர்பார்த்தோம். வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் "வட்டவிதானை"யான வாப்பா, முதல் குட்டையை இரண்டு தரம் சுற்றிவந்து மதகைத் தேடினார்.

"இது எத்தின ஏக்கருக்குப் பாயும், மருமகன்?"

பாயாது என்றார் மச்சான். அருவியைக் கண்டதும் வாப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது. இவ்வளவு தண்ணீர் வீணாகக் கொட்டுகிறது, மறிக்க ஓர் ஆண்பிள்ளை இல்லையா என்றார். அந்த வருடம் எங்கள் வாய்க்கால் காய்ந்து வெள்ளாமை கருகி, இளையவளான எனக்கென்று கட்டவேண்டிய வீட்டுக்கு அத்திவாரம் வெட்டும் கதையே நின்றுபோயிருந்தது. நானும் சேர்ந்து நக்கலடித்தேன். எருமை படுக்கவும் காணாத குட்டை, அதற்கு ஒரு பெருமை, பெருமை பேச ஒரு மச்சான்!

ராத்தா மட்டும் கால்களைத் தண்ணீரில் விட்டபடி கல்லில் இருந்தார். திரும்பாமலே சொன்னார்.

"எனக்குக் கட்டின ஊட்டத் தங்கச்சிக்குக் குடுங்க வாப்பா. நான் இஞ்சயே இரிக்கன்."

உம்மா வேனில் கல்முனை வரைக்கும் அழுதார். குட்டையில் மயங்கிய புத்தி கெட்டவள் என்று நான் வருடக்கணக்கில் ராத்தாவை ஏசித் திரிந்தேன்.

சென்ற வருடம் அங்கே போனேன். இரண்டு குட்டைகள் தூர்ந்துவிட்டன. அருவியைக் குழாயில் அடைத்து மின்சாரம் எடுக்கிறார்கள், பாறையில் ஈரம் மட்டும் மிச்சம். மறிக்க ஆண்பிள்ளை வந்துவிட்டான், பார்க்க வாப்பாதான் இல்லை. இந்த ஊத்தைத் தண்ணீரில் என்னத்தைக் கண்டு நின்றுவிட்டீர்கள் என்று ராத்தாவிடம் கேட்டேன்.

"கடும் குளிர் புள்ள. எனக்கு இது ஒருநாளும் புடிக்கல்ல" என்றார்.

ஊர் திரும்பி, ராத்தாவுக்கென்று வாப்பா கட்டிய வீட்டின் கதவை என் சாவியால் திறந்தேன்.