கண்டிக் காட்டுக்குப் போன கட்டாக் கருவாடு

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், ஒரு மாப்பிள்ளைக்கு என்னைக் காட்டுவதற்காக அம்மா என்னைச் சிலாபத்தில் ரயிலேற்றிக் கண்டிக்குக் கூட்டிப் போனாள். மாப்பிள்ளை அங்கே அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள குன்றில், வெட்டக் கூடாதென்று அரசாங்கம் ஒதுக்கிவைத்த சின்ன மழைக்காடு ஒன்று இருக்கிறது. அங்கே உலாவப் போன இடத்தில் தற்செயலாகச் சந்தித்ததுபோல இருக்கட்டும், பிடிக்காவிட்டால் யாருக்கும் மானக்கேடில்லை என்பது இரு வீட்டாரும் செய்த ஏற்பாடு.

அப்பாவை எங்கள் மீன்பிடி ஊரான எத்தாளையிலேயே விட்டுவிட்டோம். வலை இழுத்துக் காய்த்த அவர் கையைப் பார்த்தால் எல்லாம் வெளிச்சமாகிவிடும் என்றாள் அம்மா.

"கேட்டா சிலாபம் எண்டு சொல்லு. அப்பாவுக்குத் தென்னந்தோட்டம்."

எங்களுக்கு எட்டுத் தென்னைகள் இருந்தது உண்மைதான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் என்பார்கள். பொல்காவலை ஸ்டேஷன் வருவதற்குள் அம்மா அதில் பாதியை எனக்குப் பாடமாக்கிவிட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொய் சொல்லிப் புகுந்த வீட்டில் சாகும்வரை அந்தப் பொய்க்குக் காவல் இருக்க வேண்டுமே! அப்பா ஒருநாள் என்னைப் பார்க்க வந்தால் அவரை யாரென்று சொல்வேன்? இந்தக் கல்யாணம் நடக்கவே கூடாதென்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன்.

இத்தனை பொய்க்கும் நடுவில், நாங்கள் தங்கப்போகும் சின்னம்மா வீட்டுக்கென்று பையில் ஒரு கட்டா மீன் கருவாடு வேறு. கடற்கரைக்காரர் மலைநாட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லை. அம்மா அதை மூன்று கடதாசிகளில் சுற்றி, மேலே ஓடிக்கொலோன் வாசனைத் தண்ணீரும் தெளித்திருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம். ரயிலில் எதிரே இருந்தவர் இரண்டு முறை எங்களைப் பார்த்துவிட்டு வேறு பெட்டிக்குப் போனார்.

ரயிலிறங்கிப் பையோடு நேரே காட்டுக்குள் நுழைந்ததும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. எங்கள் ஊரில் நிழல் வேண்டுமென்றால் பூவரசுக்குக் கீழே இடம் பிடிக்க வேண்டும். இங்கே நிழல் வேண்டியமட்டும் கிடந்தது, வெயில்தான் அங்கங்கே கொஞ்சம் சிந்தியிருந்தது. காலையில் பெய்த மழை மரங்களிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. துரைமார் உலாவ வெட்டிய பாதையில் வாயைத் திறந்தபடி நடந்தேன். "வாய மூடு, வாறாங்க," என்று அம்மா கிள்ளினாள்.

மாப்பிள்ளை வெள்ளைக் காற்சட்டை போட்டிருந்தார். அவருடைய தாயார் வெள்ளைச் சேலை கட்டிய விதவை, கொழும்பில் கன்னியர் மடத்தில் வளர்ந்தவர் என்று சின்னம்மா எழுதியிருந்தாள். எந்த ஊர் என்று கேட்டார். சிலாபம் என்றாள் அம்மா. தென்னந்தோட்டக் கதை வருவதற்குள் தாயார் அலறினார்.

எங்களுக்கு அட்டை என்றால் கடலட்டை, போட்ட இடத்தில் கிடக்கும். இது இரத்தம் குடிக்கிற காட்டு அட்டை, புல்லிலிருந்து எம்பி எம்பி வந்தது. தாயாரின் காலில் ஐந்தாறு. மாப்பிள்ளை ஒன்றைப் பிய்த்தார், அது அவர் விரலில் ஒட்டிக்கொண்டது. கையை உதறிக்கொண்டு அவர் சுற்றி வந்த கோலத்தில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"உப்பு இருந்தா விழுந்திடும்," என்றார் அவர்.

உப்பா! அம்மா கண்ணால் எரிப்பதைப் பார்த்தும் பையைத் திறந்தேன். உப்புப் பூத்த கருவாட்டை உருவி, அந்த ஈரக் காலில் தேய் தேய் என்று தேய்த்தேன். அட்டைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு விழுந்தன.

தாயார் கருவாட்டை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"சிலாபத்துல வயித்தாலதான் கீறுவாங்க. முதுகால கீறுறது எத்தாளை."

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. நான் முந்திக்கொண்டேன்.

"ஓம் மாமி, எத்தாளைதான். எங்கட அப்பா பிடிச்சு, அவரே கீறினது."

திட்டப் போகிறார் என்று நின்றேன். அவரோ கருவாட்டை முகத்தருகே கொண்டுபோனார். கண் நிறைந்துவிட்டது.

"எங்கட அப்பாவும் இப்பிடித்தான் கீறுவாரு."

மகன் உதறுவதை நிறுத்தினார். "அம்மா, உங்களுக்கு ஆருமில்ல எண்டுதானே சொன்னீங்க?"

"உன்ட அப்பாவுக்கும் அப்பிடித்தான் சொல்லியிருந்தன். அம்மா செத்த பிறகு என்னை மடத்துல விட்டது எங்கட அப்பாதான். நீ பிறந்த நேரம் கண்டிக்கு வந்தாரு, உன்னப் பாக்க. மீன் விக்கிற ஆள் எண்டு சொல்லி வாசலோட அனுப்பிட்டன். பிறகு அவர் வரவேயில்ல."

மாப்பிள்ளை ஈரத்தில் முழந்தாளிட்டு, சட்டைப்பையிலிருந்த லேஞ்சியை எடுத்துத் தாயின் காலில் வழிந்த இரத்தத்தைத் துடைத்தார். வெள்ளைக் காற்சட்டை சேறாகிவிட்டது. எழுந்தபிறகுதான் என்னை முதன்முதலாக நேரே பார்த்தார்.

"உங்கட அப்பா எத்தின மணிக்குக் கரைக்கு வருவாரு?" என்று கேட்டார். "அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாறன்."