வந்து சேர்ந்ததா என்று கேட்டவர்

செவ்வாய்க்கிழமை மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. என் கொழுந்தனார் இளங்கோவனோடு சென்னையில் வேலை பார்க்கும் வசந்தி. "சார் போயிட்டாங்கம்மா. ஆபீஸ்லயே நெஞ்சுவலி..." என்றாள்.

இளங்கோவன் என்ன வேலை பார்த்தார் என்று ஊரில் பலர் இன்னும் கேட்கிறார்கள். ஒரு பெரிய மென்பொருளை மூன்று ஊர்களில் மூன்று குழுக்கள் செய்யும். அவர்களைச் சேர்த்து நடத்துவது அவர் பொறுப்பு. எனக்கு இப்படி விளக்கினார்: "தண்ணி தொறந்துட்டேன்னு தலைமடைக்காரர் சொன்னா போதாது அண்ணி. வந்துட்டுதுன்னு கடைமடைக்காரர் சொல்லணும்." ஒரு குழுவின் வேலையை, அதை வாங்கும் குழு வந்தது என்று சொன்ன பிறகே முடிந்ததாகக் குறிப்பார்.

நெல் கொள்முதல் டோக்கன் மென்பொருள் தொடங்கிய அன்று ஊருக்கு வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். விவசாயியின் போனில் டோக்கன் எண் வந்தால்தான் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடைக்கு எடுப்பார்கள். எங்கள் நெல்லும் ஊர் நெல்லும் நிலையத்துக் களத்தில் திறந்து கிடக்க, கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஒருவருக்கும் எண் வரவில்லை.

"நாங்க அனுப்பிட்டோம் சார்," என்றார் ஸ்பீக்கர் போனில் டோக்கன் குழுக்காரர்.

"யாருக்கு வந்துச்சு?" என்று கேட்டார் இளங்கோவன்.

மெசேஜ் அனுப்பும் குழுவிலிருந்து வசந்தி சொன்னாள்: "செல் நம்பர் இருந்த எடத்துல பட்டா நம்பர் வருது சார். நேத்து மாத்துனத என்கிட்ட யாருமே சொல்லல."

"நேத்து நீங்க லீவு மேடம். காதுகுத்து கறிச்சோறு முக்கியம்ல," என்றார் டோக்கன்காரர்.

"நிறுத்துங்க தம்பி," என்றார் இளங்கோவன். "வசந்தியக் கேக்காம முடிஞ்சுதுன்னு குறிச்சது நான். தப்பு என்னுது. ரெண்டு பேரும் சேந்து சரிபண்ணுங்க."

இன்னொரு போனில் மேலதிகாரி. "சரியாயிடுச்சுன்னு சொல்லிடவா?"

"இன்னும் இல்ல சார்." என் பக்கம் திரும்பினார். "அண்ணி, களத்துக்குப் போங்க. ஒருத்தருக்காவது வந்தா கூப்புடுங்க."

அம்மனை வேண்டிக்கொண்டே ஓடினேன். குத்தகைக்கு உழும் ரத்தினம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க கொழுந்தனாரு கம்ப்யூட்டரு மழைய மட்டும் கரெக்டா கூட்டியாருதுக்கா," என்றார். அரை மணி நேரம் கழித்து அவர் போன் ஒலித்தது. எண். இளங்கோவனுக்குச் சொல்லி முடிப்பதற்குள் தூறல் விழுந்தது.

பாதி நெல்தான் எடைக் கொட்டகைக்குள் போனது. எங்களுடையதும் ரத்தினத்துடையதும் வெளியில் மாட்டிக்கொண்டன. இளங்கோவன் நனைந்துகொண்டே ஓடிவந்து, எங்கள் குவியலைத் தாண்டிப் போய் ரத்தினத்தின் படுதாவைப் பிடித்தார்.

"என்னாலதாங்க இவ்வளவு நேரம். மத்தவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

"அந்த மூலைய இறுக்கிப் புடிங்க. காத்து தூக்குது," என்றார் ரத்தினம்.

மழை விடும்வரை அந்த மூலையை இளங்கோவன் விடவில்லை. போய் வாங்க தம்பி. உங்களுக்கு ஏற்றும் விளக்கின் முன்னால், அந்த மழையில் நின்ற உங்களைத்தான் நினைத்துக் கும்பிடுவேன்.