ஆற்றுப் பாடம் யாருக்கு?

ஜோம்பா மலையடியில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையில், யாருக்கு எந்தப் பாடம் என்பது பருவம் தொடங்குமுன் ஒரே காலையில் முடிவாகிவிடும். மூத்தவர் முதலில் வாய் திறப்பார். தன் பாடத்தின் பேரைச் சொல்வார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். ஒருவர் பிடித்த பாடம் ஓய்வு பெறும்வரை அவருடையது. மிஞ்சியது இளையவர்களுக்கு.

அலினாஃபேதான் அங்கே எல்லோருக்கும் இளையவள். சில்வா ஏரிக்கரையில் மீன் காயவைத்து விற்கும் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள். நானூறு பேர் ஜன்னல்வரை நெருக்கியடிக்கும் முதலாமாண்டு வகுப்பு அவளுக்கு மிஞ்சியிருந்தது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. பேராசிரியர் கும்வெண்டாவின் ஆற்றியல் பாடத்தையும் இரண்டு வருடமாக அவள்தான் நடத்துகிறாள், அதுதான் உறுத்தியது. அவர் ஆலோசனை வேலையென்று தலைநகரிலேயே இருப்பார். பாடம் அவர் பேரில் இருக்கும். மேல்வகுப்புப் பாடம் ஒன்று தன் பேரில் இல்லாவிட்டால் இந்த வருடமும் அவள் வேலை நிரந்தரமாகாது.

தேநீரும், மண்டாசி என்னும் எண்ணெயில் பொரித்த இனிப்பு அப்பமும் சுற்றி வந்தன. கும்வெண்டா மண்டாசியை மென்றபடியே, "எனக்கு ஆறு. வழக்கம்போல" என்றார்.

"வழக்கம்போலன்னா நான் போறதுதானே ஐயா?" என்றாள் அலினாஃபே.

யாரோ ஒருவருக்குத் தேநீர் புரையேறியது.

"ஏம்மா, நீ பள்ளிக்கூடம் போன காலத்துல நான் உண்டாக்கின பாடம் அது!"

"உங்ககிட்டதான் ஐயா படிச்சேன். ஆனா புயலுக்கப்புறம் ஆறு வேற பக்கமா ஓடுது. உங்க பாடத்துல இருக்கிற பாலம் இப்ப அங்க இல்ல. பிள்ளைங்கள கூட்டிட்டுப் போய்ப் புதுசா அளந்தது நான்."

துறைத்தலைவர் எம்பெவே குறுக்கே வந்தார். "சரி சரி, ஆளுக்குப் பாதி வச்சுக்குவோம்."

"பாதி வேண்டாம் சார். போன வருஷம் காலநிலைப் பாடத்த அப்படித்தான் பிரிச்சீங்க. ஒருத்தர் போவார்னு இன்னொருத்தர் நெனச்சு, ரெண்டு பேருமே வீட்ல இருந்துட்டாங்க."

"இப்ப என்னதான் சொல்ற?"

"ஐயாவுக்கே இருக்கட்டும். திங்கக்கிழமை காலைல ஏழரைக்கு வகுப்பு. அவரே வரட்டும். நான் போக மாட்டேன்."

 

"ஏழரைக்கா?" கும்வெண்டா விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்தார். "அப்ப ஞாயித்துக்கிழமையே கிளம்பணுமே."  பிறகு சிரித்துவிட்டார். "எடுத்துக்கோ. ஆனா அந்த நானூறு பேரையும் நீதான் மேய்க்கணும். அத வாங்கிக்க இங்க எவனும் இல்ல."

"அவங்கள நான் குடுக்கிறதாவும் இல்ல ஐயா."

எம்பெவே பாடப்பட்டியலில் பழைய பேரை அடித்து அவள் பேரை எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை அவள் கண்ணெடுக்கவில்லை.

ஆற்றின் மேல் உள்ள ஆசையால் கேட்டோமா, பேருக்காகக் கேட்டோமா என்று வெளியே வரும்போது யோசித்தாள். இரண்டுக்கும்தான் என்று தோன்றியது. அதில் வெட்கப்பட ஒன்றுமிருப்பதாகத் தெரியவில்லை. நேரே வண்டிக் கொட்டகைக்குப் போனாள். ஆற்றுக்குப் போக லாரி வேண்டும். இதுவரை அதற்குக் கும்வெண்டாவின் கையெழுத்துக்காக வாரக்கணக்கில் காத்திருந்திருக்கிறாள். இன்று படிவத்தில் பாடத்துக்கு உரியவர் என்ற இடத்தில் தன் கையெழுத்தையே போட்டாள்.