அடங்கியிருந்த கழுத்து

தளவாய்புரத்து முத்துப்பேச்சிக்குச் சின்ன வயதிலிருந்தே கழுத்து வெடுக்கென்று இழுக்கும். தொண்டையில் குரைப்பதுபோல சத்தம் வரும். பேய் என்றார் அப்பா சோலைச்சாமி. 1992-இல் அம்மா அவளை மதுரையில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினாள்.

"இழுக்குறதுக்கு முன்னாலயே கழுத்து குறுகுறுங்குதுல்ல? அப்பவே தாடையை இறக்கி மெதுவா மூச்சு விடு," என்று அவர் பழக்கினார். இழுப்பு குறைந்தது.

அப்பா நம்பவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பேயோட்டும் ஒரு கோடாங்கியிடம் இழுத்துப்போனார். உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே முத்துப்பேச்சி தாடையை இறக்கி, மூச்சைச் சீராக விட்டபடி அசையாமல் இருந்தாள்.

"பேய் ஓடிருச்சு," என்றார் கோடாங்கி. "திரும்ப வந்தா சங்கிலியில கட்டித்தான் விரட்டணும்."

"கொண்டாந்துருதேன் சாமி," என்றார் அப்பா.

குறையும் என்றுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அடியோடு போய்விடும் என்று சொல்லவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்குக் கழுத்து குறுகுறுத்தது. அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.