கேமராவுக்கு நெற்றி எது?

கொடைக்கானல் மலையில் இருக்கிற கவுஞ்சிக்குப் போய்ச் செல்வமுருகன் வீடு எது என்று கேட்டால், "கேமராவைப் புகை போடுற வீடா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த ஊரில் எல்லார் வீட்டு அடுப்புக்கும் மேலே பூண்டுக் கட்டு தொங்கும். புகை பட்டால்தான் பூண்டு கெடாது. செல்வமுருகன் வீட்டிலோ பூண்டோடு பூண்டாகக் கேமராக்களும் தொங்கின. எல்லாம் பிலிம் போடுகிற பழைய கேமராக்கள். கொடைக்கானலில் பங்களாவைக் காலி பண்ணுகிறவர்கள் கழித்துக் கட்டியதையெல்லாம் தேடிப் பிடித்து வாங்கியவை. மலை ஈரத்துக்கு லென்சில் பூஞ்சை பிடிக்கும் என்று யாரோ சொல்லிவைக்க, பூண்டைக் காப்பாற்றுகிற புகை கேமராவைக் காப்பாற்றாதா என்று மனுசன் தூக்கிக் கட்டிவிட்டான். பூஞ்சை பிடிக்கவில்லைதான். கரி பிடித்தது. அதை இறக்கி இறக்கித் துடைப்பது ஒரு தனிச் சோலி.

துடைத்தானே தவிர, எடுத்த படம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பிலிம் சென்னையிலிருந்து கூரியரில் வர வேண்டும். எடுத்ததைத் திரும்ப அங்கேயே அனுப்பிக் கழுவ வேண்டும். அதனால் கேமராவைத் தூக்குவான், ஒரு கண்ணை மூடுவான், "வெளிச்சம் பத்தலை" என்று இறக்கிவிடுவான். அதையும் மீறித் துணிந்து எடுத்தபோது ஆடு ஓடிவிட்டது, மஞ்சு இறங்கி மலையையே மூடிவிட்டது, மச்சினன் தும்மிவிட்டான்.

அவன் மனைவி அன்னக்கொடிக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது. கேரட் காட்டில் நாள் பூராவும் குனிந்து நிமிர்ந்துவிட்டு வந்தவள், அடுப்பு மூட்டப் போனால் ஒரு கேமரா மண்டையில் இடித்தது. விடுவாளா?

"இங்க பாருங்க, இந்தத் திருவிழாவுல உருப்படியா ஒரே ஒரு படம் எடுத்துக் காட்டுங்க. இல்லேன்னா அம்புட்டையும் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுட்டுப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்னுருவேன்."

"எடுக்கிறேன்டி. எடுக்கலேன்னா நானே தூக்கிப் போடுறேன்" என்று சவடாலாகச் சொல்லிவிட்டான். சொன்ன பிறகுதான் கேமராக்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். அவனுக்கு வேறு கெட்ட பழக்கமும் கிடையாது, நல்ல பழக்கமும் கிடையாது. இருந்ததெல்லாம் அந்தக் கேமராக்கள்தான்.

மாரியம்மன் சப்பரத்தை எடுப்பது என்று முடிவு பண்ணினான். நன்றாக வேலை செய்கிற கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் பூட்டினான். மஞ்சு மூடிய மங்கல் வெளிச்சத்துக்குச் சப்பரம் கொஞ்ச நேரம் ஆடாமல் நின்றாக வேண்டும். தூக்குகிற ஆட்களிடம் போய்க் கேட்டால், "மண்டகப்படி இல்லாத எடத்துல ஆத்தா நிக்கமாட்டா, சோலியப் பாருப்பா" என்று விரட்டிவிட்டார்கள். அதாவது யாராவது பந்தல் போட்டு, தேங்காய் உடைத்து, சூடம் காட்டினால்தான் சாமி அங்கே நிற்கும்.

அவ்வளவுதானே என்று இவனே ஒரு மண்டகப்படி போட்டுவிட்டான். எங்கே? கேரட் கழுவுகிற தொட்டிக்கும் கோழி எரு மூட்டைக்கும் நடுவில். ஊரில் வெளிச்சம் நன்றாக விழுகிற இடம் அது ஒன்றுதான். மூக்கைப் பொத்திக்கொண்டு சனமும், பொத்த முடியாமல் ஆத்தாளும் அங்கே வந்து நின்றார்கள்.

பூசாரி ஆண்டிச்சாமி, அன்னக்கொடிக்குச் சித்தப்பா முறை. தட்டோடு வந்து, "மண்டகப்படிக்காரர் யாருப்பா? மொத மரியாதை யாருக்கு?" என்று கேட்டார். செல்வமுருகன் வெளிச்சம் பார்க்கிற கருவியில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"எல்லாம் கேமராவுக்குத்தான் மாமா" என்றான், தலை நிமிராமல்.

பூசாரிக்கு என்ன வந்தது? மண்டகப்படிக்காரன் சொன்னால் சொன்னதுதான். கேமராவுக்குப் பரிவட்டம் கட்டினார், மாலை போட்டார், சந்தனத்தைக் குழைத்து நட்ட நடுவில் பெரிதாக ஒரு பொட்டும் வைத்தார். நட்ட நடுவில் இருந்தது லென்சு. அந்த மாதிரிக் கேமராவில் நாம் எட்டிப் பார்க்கிற துவாரம் வேறு, படம் விழுகிற லென்சு வேறு. செல்வமுருகன் துவாரத்தில் பார்த்தான். ஆத்தா பளிச்சென்று தெரிந்தாள். அமுக்கிவிட்டான்.

கழுவி வந்த படத்தில் ஓரத்தில் மேளக்காரர் இருந்தார், எரு மூட்டை இருந்தது. அம்மன் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலாக ஒரு உருண்டை.

"ஆத்தா ஜோதியா வந்து நின்னுருக்காடா!" என்று ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"அது சந்தனம்யா, லென்சுல வச்ச சந்தனம்!" என்று செல்வமுருகன் கத்தினான். சாமி குத்தம் பேசாதே என்று அவனைத்தான் திட்டினார்கள். அன்னக்கொடி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்குச் சந்தனந்தான் தெரியுது. தோத்தாச்சுல்ல? எடுங்க சாக்கை."

ஊர் விடவில்லை. ஜோதியைக் காட்டிய கேமராவை எடைக்குப் போடுவதா என்று சண்டைக்கு வந்தது. ஊருக்குப் பயந்து ஒரு வருசம் தவணை கொடுத்தாள். மற்ற கேமராக்கள் பூண்டோடு புகையில் கிடந்தன. செல்வமுருகன் சாப்பிடும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

அடுத்த வருசமும் தொட்டிப் பக்கமே மண்டகப்படி, கேமராவுக்கே முதல் மரியாதை. இப்போது அது ஊர் வழக்கமே ஆகிவிட்டது. போன தடவை சின்ன ஜோதிதானே வந்தது என்று ஆண்டிச்சாமி இந்தத் தடவை கை நிறையச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார். செல்வமுருகன் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு முழித்தான். தடுத்தால் சாமி குத்தம். தடுக்காவிட்டால் இரும்புக்கடை.

அன்னக்கொடி குறுக்கே பாய்ந்து லென்சுக்கு முன்னால் கையை நீட்டினாள்.

"சித்தப்பா, கண்ணுல வைக்காதீங்க. நெத்தியில வைங்க."

புருசன் மேல் பாசம் பொங்கி வந்தாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். தோற்றால் ஒழுங்காகத் தோற்கட்டும், சந்தனத்தைச் சாக்கு வைத்துத் தப்பிக்கக் கூடாது என்பது அவள் கணக்கு.

"இதுல நெத்தி எங்கிட்டும்மா இருக்கு?" என்றார் பூசாரி.

"கண்ணுக்கு மேல."

"கண்ணுக்கு மேல எட்டிப் பாக்குற ஓட்டைல்ல இருக்கு? அப்ப அதுதான் கண்ணு. இது வாயி."

"வாயின்னா பொங்கலை ஊட்டுங்க!" என்றது கூட்டத்தில் ஒரு குரல். பிலிம் போடுகிற முதுகுப்பக்கம்தான் நெற்றி என்றார் ஒருவர். முதுகில் யாருக்கய்யா நெற்றி இருக்கிறது என்று இன்னொருவர் வேட்டியை மடித்துக் கட்டினார். சப்பரம் தூக்கியவர்கள் தோள் வலி பொறுக்காமல் முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, தாங்களும் வந்து நெற்றி தேடினார்கள். மஞ்சு லேசாக விலகிக் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஆத்தா மட்டும் யார் பக்கமும் பேசாமல், அசையாமல் நின்றாள்.

செல்வமுருகன் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தான். ஆத்தா இப்படி ஆடாமல் நிற்பது இனி ஆயுசுக்கும் வாய்க்காது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினான்.

படம் வருகிற வரைக்கும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. கூரியர் வந்த அன்றைக்கு வெள்ளனே அன்னக்கொடி கேமராக்களை எல்லாம் இறக்கிச் சாக்கில் போட்டு வாசலில் வைத்துவிட்டாள். செல்வமுருகன் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவளிடம் நீட்டினான்.

ஆத்தாளின் மூக்குத்திகூடத் தெரிந்தது. சுற்றிலும் சண்டை போட்ட சனமெல்லாம் ஆடி அசைந்து வெறும் புகையாகப் போயிருந்தது. எல்லாம் சரிதான். ஆனால் கால்வாசிப் படத்தை மறைத்துக்கொண்டு, விரலை விரித்தபடி பெரிதாக ஒரு கை.

அன்னக்கொடி வெளிச்சத்துக்குப் போனாள். கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள். தன் கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்து, அதே மாதிரி விரலை விரித்தும் பார்த்தாள். செல்வமுருகன் தூக்குத் தண்டனைக்காரன் மாதிரி நின்றான்.

"ஏங்க, என் கை இம்புட்டுக் கருப்பாவா இருக்கு?"

"கருப்பு வெள்ளை பிலிம்டி அது. வெளிச்சம் வேற உன் கைக்குப் பின்னாடி..."

"வாயை மூடுங்க. ஆத்தா பக்கத்துல வச்சுப் பாக்குறவங்க என்ன நெனைப்பாங்க?"

சாக்கை வீட்டுக்குள் இழுத்துக்கொண்டே சொன்னாள்:

"அடுத்த வருசம் கலர் பிலிமாப் பாத்து வாங்கிப் போடுங்க. நான் கண்ணாடி வளையல் போட்டுட்டு வாரேன்."