ஒரு அடிதான் அடித்தாள்

நாலு வருடம் முன்பு நாங்கள் சீவலப்பேரியில் குடியிருந்தபோது நடந்தது இது. அன்று மதியம் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் கூச்சல். எட்டிப் பார்த்தேன்.

அந்த வீட்டுப் பெண் வயல்வேலைக்குப் போகிறவள். புருஷனின் அடி தாங்காமல் ஓடிவந்த தங்கையைத் தன்னோடு வைத்திருந்தாள். அந்தப் புருஷன்தான் வந்திருந்தான். தங்கையின் முடியைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து, அரிவாளை ஓங்கினான். அக்கா சுவரோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்து அவன் தலையில் ஒரு அடி அடித்தாள். அவன் துவைகல்லில் தலை மோதி விழுந்தான். உடனே மண்வெட்டியை எறிந்துவிட்டு, முந்தானையைக் கிழித்து அவன் தலையில் கட்டினாள். அண்ணாந்தவள் என்னைப் பார்த்தாள். "மதினி, வண்டிக்குச் சொல்லுங்க!"

ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே அவன் இறந்துவிட்டான். கொலை வழக்கு. விசாரிக்க வந்த போலீஸிடம், தூங்கிக்கொண்டிருந்தேன், எதுவும் பார்க்கவில்லை என்றேன். செத்தவனின் ஆட்கள்மேல் அவ்வளவு பயம்.

பல மாதம் கழித்து டவுன் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். ஜாமீனில் வந்திருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளோ எழுந்து, "முட்டு வலியோட நிக்காதிய மதினி, இங்கன இருங்க" என்றாள்.

மனது கேட்காமல், "வக்கீல்ட்ட என்னைப் பத்திச் சொல்லலியா?" என்றேன்.

"ஒங்களுக்கும் புள்ளைய இருக்குல்லா."

மறுநாளே அவளுடைய வக்கீலைத் தேடிப் போனேன். "இன்னொருத்தர் உயிரைக் காப்பாத்த அடிச்சா சட்டம் மன்னிக்கும்மா. ஆனா தலையில ரெண்டு காயம். கீழ விழுந்தவனையும் அடிச்சாங்கிறாங்க. தங்கச்சி சொல்றதை நம்ப மாட்டேங்கிறாங்க" என்றார்.

கூண்டில் ஏறினேன். அரசு வக்கீல் கேட்டார்: "அன்னைக்கு ஏன் பார்க்கலைன்னு சொன்னீங்க?"

"பயந்துட்டேன்யா. பொய் சொன்னது என் தப்பு. அவ ஒரு அடிதான் அடிச்சா. அடுத்த காயம் துவைகல்லுல பட்டது. நான் பாத்தேன்."

விடுதலை ஆனாள். கோர்ட் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "தங்கச்சி உசிரோட இருக்கா, அது போதும். ஆனா கண்ண மூடுனா அவன் மூஞ்சிதான் வருது மதினி."

தங்கையைக் காப்பாற்ற அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கண்ணால் கண்டதைச் சொல்ல எனக்கு அத்தனை மாதம் ஆனதே என்ற வெட்கம் இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.