மேலே திறக்கும் கதவு

போன வாரம் மேற்கு மாம்பலத்தில் பை தைப்பவரிடம் அறுந்த கைப்பிடியை ஒட்டக் கொடுத்திருந்தேன். அவர் பசை டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் வாசனைதான். நான் மட்டும் இன்னும் கொஞ்சம் கிட்டே போய் நின்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தொண்ணூறுகளில் மந்தைவெளியில் பாய் ஒருவரின் கார் ரிப்பேர் ஷெட்டில் சீட்டு உறை தைத்துக்கொண்டிருந்தபோது என் புடவை முழுக்க இந்த வாசனைதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவர்கள் எழுந்து போய்விடுவார்கள். எனக்கு அதுவும் சௌகரியம். யாரோடும் பேச வேண்டாம். ஐந்தாவதோடு நின்ற படிப்பு, வாயைத் திறந்தால் தப்பாகிவிடுமோ என்ற பயம். "இன்னாம்மா, இன்னிக்கு ஒரு வார்த்தையாச்சும் பேசுவியா, இல்ல நாளைக்குத்தானா?" என்று பாய் கிண்டல் செய்வார். நான் மிஷினை இன்னும் வேகமாக மிதிப்பேன்.

அங்கே வந்த ஒரு வெள்ளிநிறக் காரைச் சொல்ல வேண்டும். மயிலாப்பூர் டாக்டர் ஒருவருடையது, அவர் அப்பா காலத்து வண்டி. பந்தயத்துக்கென்று செய்து, அது ஜெயித்த பிறகு, அதையே ரோட்டில் ஓட்டுகிற மாதிரி மாற்றி விற்றார்களாம். பாய் எஞ்சினையும் சக்கரங்களையும் எடுத்து, மேல்தகட்டைக் கழற்றிய அன்று நான் ஏமாந்துபோனேன். உள்ளே கனமாக ஏதோ இருக்கும் என்று பார்த்தால், மெல்லிசுக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த வெறும் கூண்டு! பாயும் அவர் தம்பியும் இரண்டே பேராகத் தூக்கி நகர்த்தினார்கள்.

"இத்தினூண்டு குழாய் எப்படித் தாங்கும்?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். பாய் துடைப்பத்திலிருந்து குச்சிகளை உருவி, என் நூலால் நாலைச் சதுரமாகக் கட்டி ஆட்டினார், சாய்ந்தது. மூன்றைக் கட்டினார், அசையவில்லை. "அவ்ளோதாம்மா. வண்டி முழுக்க முக்கோணமாத்தான் கீது. ஒண்ணு அறுந்தா அல்லாம் போச்சு."

அந்தக் குழாய்கள் பக்கவாட்டில் தொடை உயரத்துக்கு வந்துவிட்டதால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை. அதனால் கதவு கூரையிலிருந்து மேலே திறக்கும். இரண்டையும் திறந்தால் காகம் றெக்கை விரித்த மாதிரி இருக்கும். அழகுக்குச் செய்தது என்று நினைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் செய்ததாம். கண்ணாடியும் கீழே இறங்காது. "நம்மூரு வெயிலு இத்த செஞ்ச வெள்ளக்காரனுக்கு இன்னா தெரியும்?" என்பார் பாய்.

வேலை முடிகிற சமயம். பக்கத்துக் குழாய்களை மட்டும் இன்னும் மூடவில்லை. டாக்டர் தன் அறுபதாம் கல்யாணத்துக்கு முந்தின வாரம் தன் மனைவியை, மாமியை, கூட்டிக்கொண்டு வந்தார். கல்யாணமான புதிதில் இந்தக் காரில் கூட்டிப்போகிறேன் என்று மாமியிடம் சொன்னவர்; அதற்குள் வண்டி படுத்துவிட்டது. இப்போது மாமிக்கு முழங்கால் வலி. காலைத் தூக்கினார், எட்டவில்லை. கொசுவம் மாட்டித் தடுமாறினார். "நேக்கு வேண்டாம்னா. நீங்க மட்டும் போய்ட்டு வாங்கோ" என்று சிரித்தார். சிரித்த கண்ணில் தண்ணீர்.

டாக்டர் முகம் மாறிவிட்டது. "பாய், கதவுக்குக் கீழ இருக்கற ரெண்டு குழாயையும் அறுத்துடு."

"அறுத்தா வண்டி நடுவுல மடங்கிடும் சார்."

"மடங்கட்டும். முப்பத்தஞ்சு வருஷமா இவளைக் காக்க வெச்சிண்டிருக்கேன்."

பாய் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டார். ரம்பத்தை எடுத்தார்.

சீட்டு அளவு பார்க்கப் புடவையோடு நான் எத்தனையோ தடவை அந்த வண்டிக்குள் ஏறி இறங்கியவள். ஏறும் வழியைச் சொல்லலாம், தப்பாகிவிடுமோ என்று ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தேன். ரம்பம் குழாயில் பட்ட சத்தம் கேட்டதும் எழுந்துவிட்டேன்.

"மாமி, ஸ்கூட்டர்ல எப்படி உக்காருவீங்க?"

"ஒரு பக்கமாத்தான். வேறெப்படி?"

"இதுலயும் அப்படித்தான். வண்டிக்கு முதுகைக் காட்டி உக்காருங்க."

"ஏறறதுக்கு முதுகைக் காட்டணுமா?" என்றார் டாக்டர்.

"சும்மா இரு சார். அது வாயத் தொறக்கறதே வருஷத்துக்கு ஒரு தபா" என்றார் பாய்.

சீட்டுக்கு வைத்திருந்த பஞ்சைத் துணியில் திணித்து, கதவுக்குக் கீழே அந்தக் குழாய் மேட்டின்மேல் போட்டேன். மாமி உட்கார்ந்தார். கொசுவத்தைச் சேர்த்துப் பிடித்து, இரண்டு காலையும் ஒன்றாகத் தூக்கி உள்ளே திருப்பினேன். கதவுதான் வானத்தைப் பார்த்து நிற்கிறதே, தலை இடிக்கவில்லை. வழுக்கிக்கொண்டு சீட்டில் இறங்கிவிட்டார். "ஏன்னா, உள்ள வந்துட்டேன்!"

டாக்டர் வேட்டி நுனியால் சாக்பீஸ் கோட்டைத் துடைத்தார்.

பிறகு அந்தப் பஞ்சு மூட்டையைச் சிவப்புத் தோலில் மெத்தையாக ஒழுங்காகத் தைத்துக் கொடுத்தேன். கல்யாணத்தன்று அடையாறு வரை போய் வந்தார்களாம். வேர்த்து நனைந்தும் மாமி இறங்க மாட்டேன் என்றாராம்.

ஷெட் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. மாமிதான் முதலில் போனார். அதன்பின் டாக்டர் காரை விற்றபோது, வாங்க வந்தவர் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, எல்லாம் முழுசாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாராம். பாய் சொன்னார். மெத்தையையும் சேர்த்து எடுத்தவரிடம், "அது வண்டியோடது இல்ல. அவளோடது" என்று திருப்பி வாங்கி, டாக்டர் மடியில் வைத்துக்கொண்டாராம்.

இப்போது அவரும் இல்லை. மெத்தை யார் வீட்டில் கிடக்கிறதோ. ஒல்லியாக, நீளமாக, தலைக்கும் ஆகாது காலுக்கும் ஆகாது. எதற்குத் தைத்தார்களோ என்று யாராவது புரட்டிப் பார்த்திருப்பார்கள்.